பொன்னுத்தாயின் பத்து நிமிஷம்

டாக்டர் சோலையப்பன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "ம், பேசும்மா" என்றார். பொன்னுத்தாய் எழுந்து நின்றாள். நின்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒத்திகைதான், எதிரில் இருப்பது ஒரே ஒரு டாக்டர், அதுவும் ரெண்டு வருஷமாக மாத்திரை கொடுக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை இப்படி நாற்பது டாக்டர்கள் உட்கார்ந்திருப்பார்களாம். திருச்சி, மதுரையிலிருந்தெல்லாம் வருகிறார்களாம். வருஷத்துக்கு ஒரு தடவை புதுக்கோட்டையில் கூடி, தங்களுக்குள் இங்கிலீஷில் பேசி, வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுக் கலைகிற கூட்டம் அது. இந்த வருஷம் சோலையப்பனுக்கு ஒரு புது யோசனை உதித்திருந்தது. தீராத வியாதியோடு காலந்தள்ளுகிற ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தி, பத்து நிமிஷம் அந்த ஆள் வாயாலேயே பேச வைப்பது. ஏதோ சீமைப் பத்திரிகையில் படித்தாராம். வியாதியை நாங்கள் புத்தகத்தில்தான் படித்திருக்கிறோம், அதோடு குடித்தனம் பண்ணுவது எப்படி என்று நீதான் சொல்லவேண்டும் என்றார். அந்த வார்த்தை பொன்னுத்தாய்க்குப் பிடித்திருந்தது. வியாதியோடு அவள் பண்ணின குடித்தனத்தில் பாதியைக்கூடப் புருஷன் மலையாண்டியோடு பண்ணவில்லை.

அவள் சும்மா சம்மதிக்கவில்லை. அவளுக்கு ஒரே பெண், செவந்தி. மூன்று வயதில் அந்தப் பிள்ளையை மலையாண்டியின் அக்காள் மூக்காயி கீரனூருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். காக்காய் வலிப்புக்காரி, நின்ற இடத்தில் விழுகிறவள், விழுவதும் அடுப்பாகப் பார்த்து விழுகிறவள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு விழுந்தால் என்ன கதி என்று மூக்காயி நடுத்தெருவில் நின்று கேட்டதற்கு ஊரில் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. பொன்னுத்தாயும் சொல்லவில்லை. அவளுடைய இடது கெண்டைக்காலில் அப்போதே நாலைந்து தீத்தழும்புகள் இருந்தன. வலிப்பு வந்து தெளிகிறபோதெல்லாம் புதிதாக ஒன்று எரிந்துகொண்டிருக்கும். அடுப்புக்குள் காலை விட்டுவிட்டாய் என்பான் மலையாண்டி. கோழிமுட்டையின் வெள்ளையைத் தடவி, வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டு பக்கத்திலேயே இருப்பான். பிள்ளை போன பிறகு அவளை அடுப்பு மூட்ட விடவில்லை. அவனே உலை வைத்தான். பெண்டாட்டிக்குப் பொங்கிப்போடுகிறவன் என்று ஊர் அவனை ஏசியது. ஊர் ஏச ஏச அவளுக்கு அவன்மேல் உயிர். செவந்தி இப்போது கீரனூரில் ரெண்டாம் வகுப்புப் படிக்கிறாள். மூக்காயியை ஆத்தா என்கிறாள். பெற்றவள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தால், 'நார்த்தாமலை அத்தை வந்திருக்கு' என்று உள்ளே பார்த்துக் கத்துகிறாள்.

மாத்திரை சாப்பிடத் தொடங்கிக் கொஞ்ச நாளில் வலிப்பு குறைந்து, பிறகு நின்றே போனது. ஒன்றரை வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. மாத்திரையை விடாத வரையில் வராது, பிள்ளையை வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரே சொன்னார். அவர் சொன்னதை அவள் வீட்டில் போய்ச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? அதனால்தான் பேரம் படிந்தது. அவள் வந்து பேச வேண்டியது. மலையாண்டியையும் கூட்டிவர வேண்டியது. பேச்சின் கடைசியில் பிள்ளையைக் கேட்க வேண்டியது. அத்தனை டாக்டர்கள் முன்னால் சோலையப்பன் அவனிடம் சொல்லிவிடுவார். நாற்பது டாக்டர் வாக்கை மூக்காயி எப்படி மீறுவாள்?

பதிலுக்கு அவர் கேட்டது நெருப்பைத்தான். வலிப்புக்காரர்களுக்குத் தீக்காயம் படுவதைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தார். மாத்திரைக்கு முன்னால் அடுப்பில் விழுந்த கதையைச் சொல், காலைக் காட்டு, அப்புறம் மாத்திரை, அப்புறம் பிள்ளை என்று வரிசை சொல்லிக்கொடுத்தார். எல்லாவற்றுக்கும் முதலில், வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லச் சொன்னார்.

"தெரியாதுங்கய்யா" என்றாள் பொன்னுத்தாய்.

"ஒன் வியாதி ஒனக்குத் தெரியாதா?"

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவளுக்குத் தன் வியாதியே தெரியாது. நாக்கில் செப்புக்காசை வைத்ததுபோல ஒரு ருசி வரும். அது வரைக்கும் தெரியும். பிறகு கூரையும், குனிந்து பார்க்கிற முகங்களும், நனைந்த சேலையும் தெரியும். நடுவில் நடந்தது ஊருக்கெல்லாம் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. டாக்டர் சிரித்துவிட்டு, அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டு வரச்சொன்னார்.

ஊரில் கடலை உடைக்கிற காலம். சனிக்கிழமை மத்தியானம் அடைக்கலமேரி வீட்டு வேப்பமரத்தடியில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். அடைக்கலமேரி பொன்னுத்தாய்க்கு அடுத்த வீட்டுக்காரி. அவள் புருஷன் மலையில் கல் உடைக்கிறவன். அவளுக்கு ஒரு வித்தை உண்டு. எந்த ஆளைப் போலவும் நடித்துக் காட்டுவாள். கர்ணம் குடையும் கையுமாக வரப்பில் வழுக்குவது, மாதா கோயிலில் சாமியார் பிரசங்கத்துக்கு நடுவே தும்முவது எல்லாம் அவளிடம் அப்படியே இருக்கும். அவளிடம்தான் பொன்னுத்தாய் கேட்டாள். நான் விழும்போது என்ன பண்ணுவேன், எப்படி இருப்பேன், நாளைக்கு டாக்டர்களிடம் சொல்லவேண்டும் என்றாள். மற்றப் பெண்கள் கடலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அடைக்கலமேரிக்குக் கை பரபரத்தது.

முதலில் வேண்டாம் என்று பிகு பண்ணினாள். பிறகு கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். பொன்னுத்தாய் நிற்பதுபோலத் தோளைச் சரித்து நின்றாள். கழுத்து மெதுவாக ஒரு பக்கம் திரும்பியது. போகிற பஸ்ஸை நிறுத்துவதுபோல ஒரு கை மேலே போனது. அப்படியே மரம் சாய்ந்த மாதிரி விழுந்தாள். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. மென்றுகொண்டிருந்த கடலையை உதட்டோரத்தில் நுரையாக விட்டாள். கிழவி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒருத்தி சிரித்தால் போதாதா? எல்லோரும் சிரித்தார்கள். பொன்னுத்தாயும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, இதைத்தானே என் பிள்ளை பார்த்திருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் அடைக்கலமேரி நிற்கவில்லை. ஆட்டம் சூடு பிடித்துவிட்டால் அவளுக்குக் கண் தெரியாது. எழுந்து ஒரே எட்டில் மலையாண்டியாக மாறினாள். முழங்காலை மடக்கிக்கொண்டு அடுப்புக்கு ஓடினாள். ஒரு கடலைக் கொடியின் காம்பைக் கம்பிபோல நீட்டிப் பிடித்து ஓடிவந்தாள். இல்லாத ஒரு காலைத் தொடைக்கடியில் அமுக்கிக்கொண்டு, கெண்டைச்சதை இருக்கவேண்டிய இடத்தில் காம்பை வைத்து, வாயால் 'ச்சுர்ர்' என்றாள்.

ஒருத்தி "ஏ மேரி" என்று அடிக்குரலில் அதட்டினாள். அடைக்கலமேரி காம்பைக் கீழே போட்டாள்.

"அது என்னடி?" என்றாள் பொன்னுத்தாய்.

அப்புறம் அடைக்கலமேரியால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் தடவை விழுந்தபோதே ஒரு வைத்தியர் சொல்லிவிட்டுப் போனாராம். மாட்டுக்கு வைக்கிற சூட்டுக்கோலைப் பழுக்கக் காய்ச்சிக் கெண்டைக்காலில் வைத்தால் இழுப்பு அடங்கும், வைக்க வைக்க அடியோடு விட்டுப்போகும், ஆனால் நோயாளிக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் பலிக்காது. பச்சிலையின் பேரைச் சொன்னால் மருந்து முறிந்துபோகும் என்பது அங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். சூட்டுக்கும் அதே சட்டம்தான். ஊரே அந்தச் சட்டத்தைக் காத்தது. ஒருத்திக்கு நல்லதாகட்டும் என்று அத்தனை வாயும் பூட்டிக் கிடந்தன. மூக்காயி தெருவில் நின்று கேட்டபோது ஒருத்தரும் பதில் பேசாததும் அதனால்தான். அடைக்கலமேரி அழுதுவிட்டாள். பொன்னுத்தாய்க்காக அழவில்லை. "நான் சொன்னதால ஒனக்குத் திரும்ப வந்துட்டா மாதா என்னையச் சும்மா விடமாட்டா புள்ளே" என்று அழுதாள்.

மலையாண்டி தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். அவள் போய்ச் சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கி நின்றாள். அவன் முகத்தைப் பார்த்ததிலேயே தெரிந்துவிட்டது. அவன் முகத்தில் குற்றம் தெரியவில்லை, பயம்தான் தெரிந்தது. யார் சொன்னது, எதற்குச் சொன்னார்கள், இத்தனை நாள் நின்றிருந்ததே என்று வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்தான். வலிப்பு நின்றது மாத்திரையால்தான் என்று அவன் ஒருநாளும் நம்பியதில்லை. கடைசியாக வைத்த சூட்டில் நின்றது என்றே இருந்தான். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வாளியை அவன் தலையில் கவிழ்த்திருப்பாள். முட்டை வெள்ளையைத் தடவி விசிறின கையா இது? நெருப்பு வைத்த கையாலேயே வேப்பங்கொத்தையும் எடுத்தானா? இத்தனை வருஷம் உலை வைத்ததுகூடப் பொய்யைக் காப்பாற்றத்தானா?

"நான் அடுப்புல விழுகலைன்னு ஒங்களுக்குத் தெரியும்ல? தெரிஞ்சுக்கிட்டுத்தானே எம்புள்ளையத் தூக்கிக் கொடுத்தீங்க?"

"சொன்னாப் பலிக்காதுன்னு சொல்லிட்டாரு. புள்ளையா, ஒன் உசுரான்னு வந்துச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

"ஒங்க அக்காளுக்குத் தெரியுமா?"

மலையாண்டி மாட்டின் முதுகைத் தடவினான். "அது அக்கா வீட்டுச் சூட்டுக்கோல்தான்" என்றான். மாட்டைப் பார்த்தபடியே, "அக்காளுக்கும் புள்ளை இல்லை" என்றான்.

பொன்னுத்தாய் வீட்டுக்குள் போனாள். அழவேண்டும் என்றுதான் போனாள். உள்ளே போய் அடுப்பைப் பார்த்ததும் வேறொன்று தோன்றியது. நான் நெருப்பில் விழுந்ததே இல்லை. ஒரு நாளும் இல்லை. அப்படியானால் பிள்ளையைக் கொண்டுபோனதற்குச் சொன்ன காரணம் இல்லாமல் போய்விட்டது. இதை அத்தனை டாக்டர்கள் முன்னால் சொன்னால் மூக்காயி எந்த வாயை வைத்துக்கொண்டு பேசுவாள்? சந்தோஷம் அவளுக்கு வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு அவளே அடுப்பு மூட்டினாள், அவளே உலை வைத்தாள். சோறு குழைந்துவிட்டது. மலையாண்டி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பயந்து பயந்து சாப்பிட்டான். அவள் சோறு பொங்கின நேரமெல்லாம் மனசுக்குள் பேச்சை மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் விழுந்ததை எடுத்துவிட்டாள். புருஷன் உலை வைத்ததைப் பற்றிப் புகழ்ந்து சொல்ல ஒரு இடம் ஒதுக்கியிருந்தாள், அதையும் எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் சூட்டை வைத்தாள். கடைசியில் பிள்ளை, அது இருந்த இடத்திலேயே இருந்தது.

கூட்டம் புதுக்கோட்டையில் ஒரு செட்டியார் வீட்டு முன்கூடத்தில் நடந்தது. பளிங்குத் தரை காலில் சில்லென்று ஏறியது. மலையாண்டியை வெளி வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். சலவை வேட்டியோடு இடித்த புளிபோல உட்கார்ந்திருந்தான். சோலையப்பன் இங்கிலீஷில் வெகு நேரம் பேசினார். பேச்சுக்கு நடுவே அவள் பேர் ரெண்டு தடவை வந்தது. பிறகு கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பொன்னுத்தாய் எழுந்து நின்றாள். இந்தத் தடவை நாக்கு ஒட்டவில்லை. செப்புக்காசு ருசியைச் சொன்னாள். முன்வரிசையில் ஒருவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். கண்ணை விழித்ததும் எல்லோரும் தன்னைப் பார்க்கிற பார்வையைச் சொன்னாள். விசேஷ வீடுகளில் தன்னை வாசலோடு நிறுத்துவதைச் சொன்னாள். கோயில் கூட்டத்தில் விழுந்தபோது செருப்பைக் கழற்றி மூக்கில் வைத்ததைக் கேள்விப்பட்டதாகச் சொன்னாள். பெற்ற பிள்ளை தன்னை அத்தை என்று கூப்பிடுவதைச் சொன்னபோது, மதுரையிலிருந்து வந்திருந்த வயதான லேடி டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். தான் ஒன்றைச் சொல்ல, படித்த நாற்பது பேர் சத்தமில்லாமல் கேட்பது அவளுக்குப் பிறந்து முதல் தடவை. குரல் தானாக நிமிர்ந்துகொண்டது.

சோலையப்பன் அவள் காலைக் கண்ணால் காட்டினார். நெருப்புக்கு வா என்று அர்த்தம்.

அவள் சேலையைச் சற்றுத் தூக்கினாள். "டாக்டரய்யா இதை அடுப்புல விழுந்த காயம்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். இது மாட்டுக்கு வைக்கிற சூட்டுக்கோலுங்க. நான் ஒரு நாளும் நெருப்புல விழுந்ததில்லைங்க" என்றாள்.

சோலையப்பனின் முகம் செத்துவிட்டது. கட்டுரை அச்சடித்து எல்லோர் மடியிலும் கிடந்தது. கூடம் சலசலத்தது. அவள் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தாள். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருவர், யார் வைத்தது என்று கேட்டார். வீட்டுக்காரர் என்றாள். இங்கே வந்திருக்கிறானா என்றார் இன்னொருவர். யாரோ வராந்தாவுக்குப் போய் மலையாண்டியை அழைத்துக்கொண்டு வந்தார்கள்.

அவன் கும்பிட்டுக்கொண்டே வந்தான். லேடி டாக்டர் எழுந்து, நீ மனுஷனா மிருகமா என்று கேட்டார். தப்புத்தான், தெரியாமல் செய்துவிட்டேன், விட்டுவிடுங்கள் என்று நெடுஞ்சாண்கிடையாக விழப்போனான். பார்க்கப் பாவமாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் முன்வரிசைக்காரருக்கு ஒரு சந்தேகம். சூடு வைத்ததும் இழுப்பு நிற்குமா, கொஞ்சம் கழித்து நிற்குமா என்று கேட்டார். உடனே நிற்கும் என்றான் மலையாண்டி. அது தானாகவே நிற்கிற நேரம்தான் என்றார் ஒருவர். இல்லை, அதிர்ச்சியிலும் நிற்க வாய்ப்பிருக்கிறது என்றார் இன்னொருவர். ரெண்டு பேரும் இங்கிலீஷுக்குத் தாவினார்கள். கம்பி எவ்வளவு கனம், எந்த நிறம் வரும்வரை காய்ச்சுவாய், ஏன் இடது கால், புண் ஆற என்ன போட்டாய் என்று கேள்வி மேல் கேள்வி வந்தது. ஒருவர் அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவன் விளிம்பில் உட்கார்ந்தான். பதில் சொல்லச் சொல்ல முதுகு நிமிர்ந்தது. கைகள் தாமாகப் பேச ஆரம்பித்தன. வெள்ளாட்டுக்கு வைக்கிற சூடு வேறு, மாட்டுக்கு வைக்கிறது வேறு என்று விளக்கினான். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். சோலையப்பனும் போன உயிர் திரும்பி, எழுதிக்கொண்டிருந்தார்.

பொன்னுத்தாய் நின்றபடியே இருந்தாள். கடைசி வாக்கியம் ஒன்றுதான் பாக்கி. யாராவது தன் பக்கம் திரும்பட்டும் என்று பார்த்தாள். யாரும் திரும்பவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, சபை என்றும் பார்க்காமல் சத்தமாகவே சொல்லிவிட்டாள். "ஐயா, நான் நெருப்புல விழுகுறவ இல்லை. மாத்திரையும் விடாம சாப்பிடுறேன். எம்புள்ளைய எங்கிட்ட விடச் சொல்லுங்க."

சோலையப்பன் லேடி டாக்டரைப் பார்த்தார். அங்கே எல்லோருக்கும் பெரியவர் அவர்தான். அவர் எழுந்து வந்து பொன்னுத்தாயின் தோளில் கைவைத்தார். மெத்தென்ற கை. குரலும் அப்படித்தான் இருந்தது.

"அந்தக் குழந்தை அங்கேயே இருக்கட்டும்மா. இந்த ஆள் இருக்கிற வீட்டுல விட்டா, நாளைக்கு அதுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் சூடு போட்டுடுவான். கீரனூர்லயாவது பத்திரமா இருக்கும்" என்றார்.

அதுதான் சரி என்று நாலைந்து பேர் சொன்னார்கள். அந்தச் சூட்டுக்கோல் எந்த வீட்டுச் சூட்டுக்கோல் என்று அவனாவது சொல்லட்டும் எனப் பொன்னுத்தாய் மலையாண்டியைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. சோலையப்பன் மேசையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டே, பேச்சு பிரமாதம் என்றார். உள்கட்டிலிருந்து இலை போட்டாயிற்று என்று ஆள் வந்து சொன்னான். நாற்காலிகள் பளிங்கில் இழுபட்டன. தோளில் இருந்த கையை அந்த அம்மாள் எப்போது எடுத்தார் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போய்விடவில்லை. நாலைந்து இளம் டாக்டர்கள் மலையாண்டியைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் ஒருவர், சிவப்பாக, மீசை இப்போதுதான் தடித்திருந்தவர், கால்சராயை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தார். எந்த இடம், சரியாகக் காட்டு என்றார். மலையாண்டி வெட்கப்பட்டான். சும்மா காட்டப்பா என்றார்கள். அவன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். ஒருவர் தன் பேனாவை மூடி அவன் கையில் கொடுத்தார். அந்த வெள்ளைக் கெண்டைச்சதையில் பேனா முனையை மெல்ல வைத்து, எவ்வளவு நேரம் எடுக்காமல் வைத்திருப்பான் என்பதை, ஒன்று, ரெண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக் காட்டினான். நாலு சொல்வதற்குள் அந்த டாக்டர் கூச்சம் தாங்காமல் காலை இழுத்துக்கொண்டு சிரித்தார்.